பிளைத்பர்க் ஆலயத்தில் சுட்டது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சஃபோக்கில், பிளைத் ஆற்றங்கரையில் இருக்கிறது பிளைத்பர்க். ஊர் சின்னது. அங்குள்ள தூய திரித்துவ ஆலயமோ அந்த ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பெரியது. 'சதுப்பு நிலத்துப் பேராலயம்' என்று பட்டப்பெயரே உண்டு. ஆனால் பேராயர் யாரும் அங்கே இருந்ததில்லை. அது சாதாரண பங்குக் கோயில்தான். ஒரு காலத்தில் இது துறைமுகமும் சந்தையுமாக இருந்த ஊர். அந்தச் செழிப்பில் 15ஆம் நூற்றாண்டில் கோயிலைப் புதிதாகக் கட்டினார்கள். கோபுரம் மட்டும் அதற்கு முந்தையது.

சுவர் சக்கிமுக்கிக் கல். மேல்சுவரில் பக்கத்துக்கு 18 சன்னல்கள். மக்கள் அமரும் கூடத்துக்கும் பீடப் பகுதிக்கும் நடுவே வளைவு கிடையாது. ஒரே மரக்கூரை நெடுக ஓடுகிறது. அண்ணாந்து பார்த்தால் அதன் நடுவில் மரத் தேவதூதர்கள், இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி, சிறகை விரித்தபடி இருக்கிறார்கள். பழைய வண்ணம் இன்னும் அங்கங்கே தெரிகிறது.

இந்த மரச் சிற்பங்களில் ஈயத் துப்பாக்கிக் குண்டுகள் பதிந்திருந்தன. சுட்டது யார்? வில்லியம் டவுசிங்கின் ஆட்கள் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கோயில்களில் உள்ள உருவங்களை அழிக்க, உள்நாட்டுப் போர்க் காலத்தில் நியமிக்கப்பட்டவர் அவர். 1644 ஏப்ரலில் இங்கே வந்தார். அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது: 20 கேருபீன்களை, அதாவது தேவதூதர் உருவங்களை, இறக்க வேண்டும், இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை எட்டு நாளில் அகற்ற வேண்டும் என்று உத்தரவு. படங்கள் போயின, தேவதூதர்கள் பலர் தப்பிவிட்டார்கள். அவ்வளவு உயரத்துக்கு ஏணி வைத்து ஏற யாரும் துணியவில்லை போலும்!

ஆனால் துப்பாக்கிச் சூடு பற்றி அந்தக் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. குண்டுகளைப் பரிசோதித்தபோது அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. கோயில் கணக்கிலோ, உள்ளே கூடுகட்டிய ஜாக்டா காக்கைகளைச் சுடுவதற்குக் கொடுத்த கூலி எழுதப்பட்டிருக்கிறது. காக்கைக்கு வைத்த குறி தேவதூதர்மேல் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். டவுசிங் உடைத்ததே ஏராளம். உடைக்காததையும் ஏன் அவர் தலையில் கட்ட வேண்டும்?

வடக்குக் கதவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு வழிபாட்டு நேரம். பெரும்புயல். கோபுரத்தின் கூம்பு சரிந்து கூரையை உடைத்துக்கொண்டு விழுந்தது. ஒரு மனிதரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். இடிதான் காரணம் என்றால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? 'பிளாக் ஷக்' என்ற கறுப்புப் பேய்நாய் வந்து, போகும்போது கதவில் நகம் பதித்துவிட்டுப் போனதாம். கருகிய தடங்களை இன்றும் காட்டுகிறார்கள். பழைய ஆங்கில வீடுகளின் உத்தரங்களிலும் கதவுகளிலும் இதேபோன்ற தடங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. தீயதை அண்டவிடாமல் இருக்க, மெழுகுதிரியை மரத்தோடு ஒட்டிப் பிடித்து வேண்டுமென்றே சுட்ட தடங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இந்தக் கதவில் நாயைவிட மெழுகுதிரிமேல்தான் எனக்குச் சந்தேகம்.

நன்றி, வணக்கம்.