இன்னும் பேனாவை மூடாத வால்மீகி

எல்லோருக்கும் வணக்கம்.

நான் ரசிகர் புனைவு எழுதுகிறவள். ஃபேன் ஃபிக்‌ஷன் என்றால், பிடித்த தொடர் அல்லது புத்தகத்தின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதுகிற கதை. மூலக்கதையைக் கேனன் என்போம். நாம் ஒரு கதையைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கேனன் நம்மை முந்திக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகிறது? இன்றைக்கு அதை மட்டும்தான் பேசப்போகிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு தொலைக்காட்சித் தொடர். அதில் ஒரு பெண், கப்பலில் மருத்துவர். அவளுடைய அண்ணன் முதல் சீசனிலேயே சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். ஏன் போனான்? இரண்டு சீசன் முடிந்தும் தொடர் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்குள் நான் குடிபோனேன். தங்கை செய்த தவறைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனான் என்று எழுதினேன். போவதற்கு முந்தின இரவு அவளுடைய பழைய கோட்டின் லைனிங்கைப் பிரித்து, ஒரு கடிதத்தை உள்ளே வைத்து, மறுபடி தைக்கிறான். தைக்கத் தெரியாதவன் போட்ட தையல். கறுப்பு நூல் கிடைக்காமல் நீல நூலில் போட்டது. 14 மாதம், 18 அத்தியாயம். பத்தொன்பதாவதில் அவள் அந்த நீல நூலைக் கவனித்துக் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

மூன்றாவது சீசன், ஏழாவது எபிசோடு. அண்ணன் திரும்பி வந்தான். இரண்டே நிமிடம். கடனுக்குப் பயந்து ஓடினேன் என்று ஒரு வசனம் சொன்னான். அடுத்த காட்சியில் செத்துப்போனான்.

நான் டிவியை அணைக்கவில்லை. அழவும் இல்லை. கம்ப்யூட்டரில் பத்தொன்பதாம் அத்தியாயம் திறந்தே இருந்தது. ‘அவள் கோட்டைப் புரட்டினாள்’ என்ற வாக்கியத்தோடு நின்றிருந்தது. அதற்கு அடுத்த சொல் வரவில்லை. அந்த இரவு வரவில்லை, நான்கு மாதம் வரவில்லை.

நான் போட்ட கணக்கு தப்பிவிட்டது, அதனால்தான் வருத்தம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஜோசியம் சொல்ல உட்காரவில்லை. தொடரை எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமும் கிடையாது. கதை அவர்களுடையது. போனது வேறொன்று. நம் மொழியில் ‘லாம்’ என்று ஒரு விகுதி இருக்கிறதே, ‘இப்படியும் இருக்கலாம்’ என்பதில் வருகிற லாம், அந்த லாம்தான் போனது. அதுவரை என் அண்ணனும் தொடரின் அண்ணனும் ஒரே ஆளாக இருக்கலாம். எபிசோடு முடிந்த நிமிடத்தில் என்னுடையவன் தனியாளாகிவிட்டான். எழுதியவை ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, ஆனால் அவை நின்றிருந்த தரை மாறிவிட்டது.

இந்த வலிக்கு எங்கள் உலகத்தில் ஒரு பெயரே உண்டு: ‘ஜாஸ்டு’. பஃபி தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனின் பெயரிலிருந்து வந்தது. நேர்மாறாக, நாம் எழுதியதையே பின்னால் தொடரும் காட்டிவிட்டால் அது ‘கிரிப்க்டு’. சூப்பர்நேச்சுரல் தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கியின் பெயரிலிருந்து வந்தது. கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதிலும் ஒரு சங்கடம் உண்டு. பிறகு வந்து படிக்கிறவர் நாம்தான் தொடரைப் பார்த்து எழுதினோம் என்று எடுத்துக்கொள்வார். தேதியைக் காட்டி நிரூபிக்க வேண்டிவரும்.

ஹாரி பாட்டர் வாசகர்கள் இதை மொத்தமாக அனுபவித்தார்கள். நான்காம் புத்தகம் 2000 ஜூலையில் வந்தது. ஐந்தாவது 2003 ஜூனில். நடுவில் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு. ஹாரியின் ஐந்தாம் ஆண்டை ரசிகர்கள் தாங்களே எழுதிப் பார்த்தார்கள். தன் காட்ஃபாதர் சிரியஸோடு ஒரே வீட்டில் வாழும் ஹாரியை எழுதியவர்கள் உண்டு. ஐந்தாம் புத்தகத்தில் சிரியஸ் இறந்துபோகிறார்.

பழைய கதை ஒன்றும் சொல்கிறேன். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் டான் குயிக்ஸாட் நாவலின் முதல் பாகம் வந்தது 1605-இல். செர்வாண்டிஸ் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1614-இல், அவெல்யனேடா என்ற புனைபெயரில் வேறொருவர் ஒரு இரண்டாம் பாகத்தை வெளியிட்டுவிட்டார். அதில் குயிக்ஸாட் சரகோஸா நகரத்துக்குப் போகிறான். 1615-இல் செர்வாண்டிஸின் சொந்த இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஒரு விடுதியில் குயிக்ஸாட்டுக்கே அந்தப் போலிப் புத்தகத்தைப் பற்றித் தெரியவருகிறது. அப்படியானால் சரகோஸாவில் காலே வைக்கமாட்டேன் என்று பார்சிலோனா பக்கம் திரும்பிவிடுகிறான்! அவெல்யனேடா தன் முன்னுரையில் செர்வாண்டிஸை இழிவாகப் பேசியவர், அவருக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால் மூல ஆசிரியன் பாதையைத் திருப்பினால் பாத்திரம் அவன் பின்னால்தான் போகும். அந்த பலம் நமக்குக் கிடையாது.

கம்பரை நினைத்துப் பார்க்கிறேன். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைத்தார். வால்மீகி எழுதி முடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் புதிய காண்டம் வந்துவிடுமோ என்ற பயம் கம்பருக்கு இல்லை. எங்களுக்கு வாய்த்திருப்பவர் இன்னும் பேனாவை மூடாத வால்மீகி.

சரி, ‘கேனன் டைவர்ஜென்ஸ்’, அதாவது மூலத்திலிருந்து விலகிய கதை, என்று ஒரு டேக் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அந்த டேக் பலருக்கு உதவுகிறது, நானும் போட்டிருக்கிறேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வேண்டுமென்றே விலகிப்போனவர்களுக்கானது அது. நான் விலகவில்லை. கூடவே நடந்தேன், பாதை திரும்பிவிட்டது. அதனால் கதையின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தேன்: ‘ஏழாவது எபிசோடுக்கு முன் எழுதத் தொடங்கியது.’ எனக்கு அதுதான் உண்மையாகப் பட்டது.

என் அத்தியாயங்களை முதலில் படித்துத் திருத்தித் தருகிற தோழி ஒருத்தி இருக்கிறாள். நான்கு மாதம் கழித்துப் போனில் கூப்பிட்டாள். தொடரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “ஏய், அந்தக் கடிதத்தில் என்னடி எழுதியிருந்தான்?” என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். “சொல்லாதே, எழுது” என்று வைத்துவிட்டாள்.

கோட்டைப் புரட்டியவள் நீல நூலைப் பார்த்துவிட்டாள். கத்தரிக்கோல் கையில் இருக்கிறது. இரண்டு தையல் பிரித்திருக்கிறாள், இன்னும் ஐந்து இருக்கிறது.