ரோம் பார்த்தவர்களுக்கு லெச்சேயில் என்ன இருக்கிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "ரோமில் பரோக் தேவாலயங்களை ஆசை தீரப் பார்த்துவிட்டோம். தெற்கே லெச்சேக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா? அங்கேயும் அதே பரோக்தானே?" இந்த "அதேதானே" என்ற சொல் இரண்டு நாளாக என்னை விடவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே இல்லை. பரோக் என்பது பதினேழாம் நூற்றாண்டில் ஓங்கிய, அலங்காரம் மிகுந்த கட்டடக்கலைப் பாணி. லெச்சே இத்தாலியின் தென்கிழக்கு மூலையில் இருக்கிற ஊர். முன்பு ரோம் பற்றிப் பேசியபோது, போரோமினி என்ற கட்டடக்கலைஞரின் சான் கார்லோ தேவாலய முகப்பைக் காட்டினேன். அங்கே சுவரே வளைந்து நெளியும், கட்டடத்தின் உடம்பே அசையும். லெச்சேயில் பெரும்பாலும் சுவர் நேராகத்தான் நிற்கும், தரைப்படமும் எளிமையானதுதான். ஆனால் அந்த நேரான சுவரின் மேல்தோல் முழுக்க இலை, பழம், குழந்தை முகம், மிருகம், மாலை என்று இண்டு இடுக்கு விடாமல் செதுக்கியிருப்பார்கள். விதிவிலக்கு சான் மத்தேயோ தேவாலயம். அக்கீலே லார்டூச்சி கட்டியது. முகப்பின் கீழ்ப்பாதி வெளியே புடைத்திருக்கும், மேல்பாதி உள்ளே குழிந்திருக்கும். ரோமின் சாயல் வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

மற்ற இடங்களில் நான் எப்போதும் சொல்வதுதான்: கல்லைப் பாருங்கள். அந்த ஊர்க் கல்லுக்கே பியெத்ரா லெச்சேசே, அதாவது லெச்சேக் கல் என்றுதான் பெயர். தேன் நிறத்தில் இருக்கும் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல். பக்கத்தில் குர்சி, மெல்பிஞ்ஞானோ பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். பூமியிலிருந்து எடுத்த புதிதில் மிருதுவாக இருக்கும். மரத்தை இழைக்கிற மாதிரி இழைக்கலாம். காற்றுப் பட்டு ஈரம் போனபின் மேல்பரப்பு இறுகிவிடும். இப்படி ஒரு கல் கைக்குக் கிடைத்தால் எந்தச் சிற்பிதான் சும்மா இருப்பார்? கடினமான கல் உள்ள ஊரில் இதே கற்பனைக்குப் பத்து மடங்கு உழைப்பு கேட்டிருக்கும்.

லெச்சேயின் சாந்தா குரோச்சே தேவாலய முகப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேவாலய வேலையை 1549-இல் கட்டடக்கலைஞர் கப்ரியேலே ரிக்கார்டி தொடங்கினார், முடிந்தது 1695-இல். கீழிருந்து மேலே பார்த்தால் காலம் ஏறிப் போவது தெரியும். கீழே தூண்களும் நிதானமான அளவுகளும். நடுவில் ஒரு நீளமான மாடம், அதைத் தாங்குவதற்கு வரிசையாகச் சிங்கம், கழுகுத்தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிபின், டிராகன், நடுநடுவே தலைப்பாகை கட்டிய துருக்கிய வீரர்கள். முதுகு வளைந்து குந்தியிருக்கிறார்கள், முகத்தில் பாரம் தெரிகிறது. இந்தக் கரை துருக்கியருக்குப் பயந்து வாழ்ந்த கரை. பக்கத்து ஒத்ராந்தோ 1480-இல் சூறையாடப்பட்டது. துருக்கியக் கப்பற்படையைத் தோற்கடித்த 1571 லெபாந்தோ கடற்போர் வெற்றியின் நினைவாகத்தான் அந்த வீரர்கள் மாடத்துக்கு அடியில் வந்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். அதற்கு மேலே செசாரே பென்னாவும் ஜுசெப்பே சிம்பாலோவும் வந்தபின் அடக்கமே கிடையாது. அந்த வட்ட ஜன்னலைச் சுற்றி வளையம் வளையமாக இலைமாலைகளும் குட்டித் தேவதைத் தலைகளும். கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு வேலை, ஆனாலும் ஒட்டுப்போட்டதாகத் தெரியாது. ஏன்? ஒரே கல்! சொன்னேனே, கல்லைப் பாருங்கள் என்று.

சிம்பாலோ என்றதும் கதீட்ரல், அதாவது ஆயரின் தலைமைத் தேவாலயம், இருக்கும் சதுக்கம் நினைவுக்கு வருகிறது. ஆயர் பாப்பகோடா காலத்தில், 1659-இலிருந்து சிம்பாலோதான் கதீட்ரலைத் திரும்பக் கட்டினார். ஒரு பக்கம் மட்டுமே வழியுள்ள சதுக்கம் அது. நுழைந்ததும் கண்ணில் படுவது தேவாலயத்தின் பக்கவாட்டுச் சுவர். அவர் என்ன செய்தார் தெரியுமா, பகட்டான முகப்பை அந்தப் பக்கவாட்டில் வைத்துவிட்டார், உச்சியில் ஊரின் காவல் புனிதரான ஒரோன்சோவின் சிலையோடு. உண்மையான முன்முகப்பு திரும்பிப் போய்ப் பார்த்தால் எளிமையாக இருக்கும். வருகிறவர் எங்கே நிற்பார் என்று முதலில் யோசித்த மனிதர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஒரோன்சோவுக்கு ஊர் நடுவில் ஒரு தூணும் உண்டு. 1656 கொள்ளைநோய் நேப்பிள்ஸ் ராஜ்யத்தையே உலுக்கியபோது லெச்சே தப்பியது, அவர்தான் காத்தார் என்று நம்பினார்கள். பக்கத்துத் துறைமுக நகரான பிரின்டிசியில் 1528-இல் விழுந்த ரோமானியத் தூணின் துண்டுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதுவும் சிம்பாலோவின் வேலைதான்.

ஆனால் நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த மென்மையான கல் எவ்வளவு நாள் தாங்கும்? செதுக்க உதவிய குணம்தான் இப்போது பகையாக இருக்கிறது. ஈரத்தை உறிஞ்சும், உப்பு உள்ளே படியும், மேல்தோல் பொடிப்பொடியாக உதிரும். கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் சில சுவர்களில் தேன்கூடு போலக் குழி விழுந்திருப்பதைக் காணலாம். பழைய கொத்தர்கள் கல்லில் பால் பூசிக் காப்பார்கள் என்று அங்கே சொல்வதுண்டு. சுத்தம் செய்து செப்பனிடும் வேலை தொடர்ந்து நடந்தால்தான் அந்த முகங்கள் முகங்களாக இருக்கும். தயவுசெய்து தொட்டுப் பார்க்காதீர்கள், சாயாதீர்கள்.

ஒரு நாள் தாராளமாக ஒதுக்குங்கள். சாந்தா குரோச்சே, கதீட்ரல், சான் மத்தேயோ உள்ளே போக எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கலாம். கதீட்ரல் சதுக்கத்தில் ஜுசெப்பே சீனோ கட்டிய குருமடத்தின் முற்றத்தில் ஒரு கிணறு இருக்கிறது, அதன் செதுக்கு வேலையைக் கிட்டே நின்று பாருங்கள். சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், சாந்தா குரோச்சேயின் மேல்பகுதிக்குக் கண் மட்டும் போதாது.