கோப்பு எந்த இலாகாவுக்குப் போகிறது?

(கேரளத்தின் வண்டன்மேட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே, தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்கும் அக்கா தங்கைகளே, வணக்கம்.

விடிவதற்குள் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வருகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். தூக்குச்சட்டியோடு, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஆதார் அட்டையும் கூடவே வருகிறது. மற்ற நாட்களில் அதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை சூடானபோதும், 2020 ஊரடங்கின்போதும் அதே ஜீப்தான், அதே நீங்கள்தான். செக்போஸ்டில் உங்களைப் பார்த்த பார்வை மட்டும் வேறாகிவிட்டது. கூலிக்கு வருகிறவர் எப்படி ஆபத்தானவர் ஆகிறார்? அவருடைய கோப்பு எந்த இலாகாவுக்குப் போகிறது என்று பாருங்கள், பாதி விளங்கிவிடும்.

அமெரிக்காவில் குடிவரவு இலாகா ஒரு காலத்தில் தொழிலாளர் துறையின் கீழ் இருந்தது. உலகப் போர் நேரம், 1940-இல், உளவாளிகள் நுழைந்துவிடுவார்கள் என்ற பயத்தில் அதை நீதி அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம், 2003-இல், புதிதாக அமைத்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போனது. விமானங்களைக் கடத்தியவர்கள் விசா வாங்கி வந்தவர்கள். திராட்சை பறிக்க மெக்சிகோவிலிருந்து வந்தவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அவர் கோப்பும் அதே மேசைக்குத்தான் போனது. தொழிலாளர் துறைக்கு அது திரும்பவே இல்லை.

ஐரோப்பாவில் நடந்தது இன்னும் கொடுமை. 2013 அக்டோபரில் இத்தாலியின் லம்பெதூசா தீவருகே, குடியேற வந்தவர்களின் படகு மூழ்கி 360-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இத்தாலியக் கடற்படை மீட்புக்கு இறங்கியது. ஒரு வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தது. 2014 கடைசியில் அதை நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு வந்த ஏற்பாட்டில் பணமும் குறைவு, கப்பலும் குறைவு. எல்லைக் காவல்தான் அதன் முதல் வேலை. 2015 ஏப்ரலில் ஒரே படகில் நூற்றுக்கணக்கானவர்கள் மூழ்கிப் போனார்கள்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். அசாமில் ஒருவரை வெளிநாட்டவர் என்று சொன்னால், சொல்கிற தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று 1983-இல் ஒரு சட்டம் வந்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டவிரோதக் குடியேற்றம் ‘வெளி ஆக்கிரமிப்பு’ என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆக்கிரமிப்பு என்றால் படையெடுப்புக்குச் சொல்லும் பேச்சு! அதன் பிறகு நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுந்தது. 2019-இல் வந்த குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேருக்கு இடமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா, தன் அப்பா 1971-க்கு முன்பே இங்கே இருந்தார் என்று காகிதத்தில் எப்படிக் காட்டுவார்?

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. நம் பக்கத்து லயத்தில் இப்போது அசாம்காரரும் ஜார்க்கண்ட்காரரும் இருக்கிறார்கள். எங்கேயாவது ஒரு குற்றம் நடந்தால் போதும், ‘வடக்கத்தி ஆட்களை எல்லாம் ஸ்டேஷனில் பதியச் சொல்லு’ என்று குரல் எழும்புகிறது. தமிழர் என்பதால் நம்மையே ‘பாண்டி’ என்று ஒதுக்கிப் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்களும் அந்தக் குரலோடு சேர்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

பதிவு வேண்டும், நானும் கேட்கிறேன். அது தொழிலாளர் அலுவலகத்தில் நடக்கட்டும். 1979-இல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் கூலி, பயணப்படி, தங்குமிடம் பற்றித்தான் பேசியது. பொறுப்பை முதலாளி மீதும் காண்டிராக்டர் மீதும் வைத்தது. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால், எழுந்து நின்று இதைக் கேளுங்கள். அந்த அசாம், ஜார்க்கண்ட் ஆட்களுக்கு மலையாளம் வராது. உங்களுக்கு வரும்.