இறங்காதவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'மனிதனுக்குப் பெருமை, எடுத்த காரியத்தை முடிப்பதிலா, சிக்கலில் இருந்து மீள்வதிலா?' இதுதான் தலைப்பு. மீள்வதிலே என்கிறோம் நாங்கள். நான் பேச வந்தது அமெரிக்க விண்வெளி வீரர் ஜிம் லவெலைப் பற்றி.

எதிரணித் தம்பி ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "நிலவுக்கு இரண்டு தடவை போய் ஒரு தடவைகூட இறங்காதவர் லவெல். பந்தி வரைக்கும் போய் இலையில் உட்காராமல் வந்தவரை விருந்தாளி என்று சொல்வதா?" என்றார். தம்பி, பந்தியில் உட்காராததைச் சொன்னீர்கள். பந்தலே தீப்பிடித்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

அந்தத் தீயைப் பிறகு பார்ப்போம். முதலில் 1950களில் ஓர் இரவு. லவெல் அப்போது அமெரிக்கக் கடற்படை விமானி. ஜப்பானுக்கு அருகே விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து பான்ஷீ ஜெட்டில் கிளம்பியவர், திரும்ப வேண்டும். கப்பலின் சிக்னல் என்று நம்பிப் போகிறார். அதுவோ அதே அலைவரிசையில் கரையில் இருந்து வந்த வேறு சிக்னல். திசையே தப்பு! சரி, குறிப்பைப் பார்ப்போம் என்று, தானே செய்து வைத்திருந்த சின்ன விளக்கைச் சொருகினார். பட்டென்று ஷார்ட் சர்க்யூட். காக்பிட்டில் இருந்த விளக்கெல்லாம் போச்சு. மேலே இருட்டு, கீழே இருட்டு, உள்ளேயும் இருட்டு. அம்மா, அந்த சீட்டில் உங்கள் பிள்ளை உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

அப்போதுதான் கடலில் வெளிச்சமாக ஒரு கோடு தெரிந்தது. கப்பலின் புரொப்பல்லர் கலக்கிவிட்ட தண்ணீரில் மின்னும் நுண்ணுயிர்கள்! மறுபடியும் சொல்கிறேன், கேளுங்கள். விளக்கு எரிந்திருந்தால் அந்தக் கோடு கண்ணில் பட்டிருக்காது. விளக்கு அணைந்தது, வழி தெரிந்தது! அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே கப்பலுக்கு வந்து சேர்ந்தார்.

1959-ல் ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி கூடுதல் என்று விண்வெளித் தேர்வில் கழித்துவிட்டார்கள். 1962-ல் மறுபடி போய் நின்று தேர்வானார்.

இப்போது பந்தல் தீ. 1970 ஏப்ரல் 13, லவெல் தலைமையில் மூன்று பேர் நிலவில் இறங்கக் கிளம்பிய அப்பல்லோ 13 விண்கலம். பூமியில் இருந்து சுமார் 3,20,000 கிலோமீட்டர் தள்ளி ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. தாய்க்கலம் முடங்கிப்போக, நிலவில் இறங்குவதற்காக இரண்டு பேர் இரண்டு நாள் தங்கக் கட்டிய இறங்கு கலத்தில் மூன்று பேர், ஏறக்குறைய நான்கு நாள். நடுங்க வைக்கும் குளிர். தண்ணீரும் அளந்துதான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வழிகாட்டும் கணினியையும் நிறுத்திவிட்டார்கள். பாதையைத் திருத்தியாக வேண்டும், எப்படி? ஜன்னலில் தெரிந்த பூமியில் பகலும் இரவும் பிரிகிற கோட்டைக் குறியாக வைத்து, லவெலும் உடன் போன ஃபிரெட் ஹைசும் கையாலேயே கலத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். மூன்றாமவர் ஜாக் ஸ்விகர்ட், எஞ்சின் எரிய வேண்டிய 14 விநாடியைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். அன்றைக்குக் கடலில் ஒரு கோடு, இன்றைக்குப் பூமியில் ஒரு கோடு! ஏப்ரல் 17 அன்று பசிபிக்கில் மூவரும் உயிரோடு வந்து இறங்கினார்கள். இறங்கவில்லை என்றா சொன்னீர்கள் தம்பி?

சரி, நிலவுக்கே வருகிறேன். 1968 டிசம்பரில் அப்பல்லோ 8-ல் நிலவைச் சுற்றியபோது, 'அமைதிக் கடல்' என்று பெயர் வைத்த நிலவுச் சமவெளியின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு மலையைப் பார்த்தார். தன் மனைவி மேரிலினின் பெயரை அதற்கு வைத்தார். அடுத்த ஆண்டு ஆம்ஸ்ட்ராங் இறங்கப் போனபோது வழிக்கு அடையாளமாக இருந்தது அந்த மலைதான். அந்தப் பெயரைச் சர்வதேச வானியல் ஒன்றியம் 2017-ல்தான் ஏற்றது. அதைப் பார்க்க இருவரும் உயிரோடு இருந்தார்கள். மேரிலின் 2023-ல் போனார். இரண்டே ஆண்டில், 97 வயதில், லவெலும் போய்ச் சேர்ந்தார்.

கட்டிய மனைவியின் பெயரை நிலவில் நிறுத்திவிட்டு வந்த மனிதரை இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள் தம்பி, மனசு கேட்கவில்லை. நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.