நவம்பர் பள்ளம் மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் போதும், எல்லா ஊரிலும் ஒரே பேச்சு. “நேத்து ராத்திரி ஒரு மழைதான் பெஞ்சுது, ரோடே போயிடுச்சு.” முப்பது வருடத்துக்கும் மேலாகத் தார்ச்சாலை வேலையிலேயே இருந்தவன் நான். ஒரு ராத்திரி மழையில் போன ரோட்டை நான் பார்த்ததில்லை. நவம்பரில் வண்டி இறங்குகிற பள்ளம், கத்திரி வெயிலிலேயே வேலையைத் தொடங்கியிருக்கும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

தார் என்று சொல்கிறோமே தவிர, இப்போது போடுவது பழைய நிலக்கரித் தார் இல்லை. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்குகிற பிட்டுமன். ரோட்டின் மேல்படுகையில் நூறு கிலோ கலவைக்கு அது ஐந்தரை கிலோ அளவுதான் இருக்கும். மீதியெல்லாம் ஜல்லியும் தூளும். அந்த ஐந்தரை கிலோவின் பிடி இருக்கும் வரைக்கும்தான் அது ரோடு.

மே மாத மதியம் காற்றின் வெப்பம் 40 டிகிரி என்றால், கறுப்புத் தார் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். நம் ஊரில் பரவலாகப் போடுகிற வி.ஜி.30 என்ற தார் ரகத்துக்கு இளகுநிலை, அதாவது அது இளகிக் கொடுக்கும் வெப்பம், குறைந்தது 47 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாருக்கு இன்னொரு குணமும் உண்டு. சட்டென்று அழுத்தினால் விறைத்து எதிர்க்கும். மெதுவாக அழுத்திக்கொண்டே இருந்தால் வெல்லப்பாகு மாதிரி விலகிக் கொடுக்கும். அதனால்தான் வேகமாகப் போகிற இடத்தைவிட, வண்டி நிற்கிற இடத்தில் ரோடு சீக்கிரம் கெடுகிறது. வடசென்னையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ஒரு சிக்னலில், ரோட்டுக்குக் குறுக்கே நேரான மட்டப்பலகையை வைத்துப் பார்த்தேன். சக்கரத் தடத்தில் பலகைக்கும் ரோட்டுக்கும் நடுவே என் நான்கு விரலும் அடுக்காக நுழைந்தன. தடத்தின் இரண்டு பக்கமும் தார் வரப்பு மாதிரி மேலே எழும்பி நின்றது. விரிசல் ஒன்றுகூட இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது நல்ல ரோடுதான். ஆனால் மழை வந்தால் தண்ணீர் ஓரத்துக்கு வடியாது, அந்தத் தடத்திலேயே தேங்கும்.

வெயில் இளக்குவதோடு நிற்பதில்லை, தாரை முதுமையாக்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதோடு சேர்ந்து, வருடத்துக்கு வருடம் தார் வறண்டு முறுகிப்போகும். கறுகறுவென்று இருந்த ரோடு சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டால் அது வயதாகிவிட்டதற்கு அடையாளம். அப்படி முறுகின ரோட்டின்மேல் பாரம் ஏறி ஏறி இறங்கினால் முதலைத்தோல் மாதிரி வெடிப்பு விடும்.

பாரம் என்று எதைச் சொல்கிறேன்? காரும் பைக்கும் ரோட்டைத் தேய்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், 1958 முதல் 1960 வரை பெரிய சோதனை ஒன்று நடந்தது. சோதனைக்கென்றே போட்ட சாலை வளையங்களில், ராணுவ வீரர்கள் லாரிகளை ராத்திரி பகலாக ஓட்டினார்கள். பாரம் இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய 16 மடங்கு என்று அதிலிருந்து தெரிந்தது. நான்காம் அடுக்கு விதி என்பார்கள்: பாரம் எத்தனை மடங்கோ, அந்த எண்ணை நான்கு தடவை வைத்துப் பெருக்கினால் வருவது சேதத்தின் மடங்கு. அரை டன் தாங்கும் கார் அச்சையும் 10 டன் தாங்கும் லாரி அச்சையும் இந்தக் கணக்கில் வைத்தால், லாரி அச்சு ஒருமுறை போவது கார் அச்சு 1,60,000 முறை போவதற்குச் சமம். 2018-ல் நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான அனுமதி 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. எடையில் கூடியது எட்டில் ஒரு பங்கு. சேதத்தில் கூடியது 60 சதவீதம். இது சட்டத்துக்கு உட்பட்ட பாரம். அதற்கும் மேலே ஏற்றுகிறார்களே, அதை என்ன சொல்ல? எடைமேடையில் ஒரு டிப்பர் ஓட்டுநர் என்னிடம் சொன்னார்: “ஐயா, டன்னுக்குத்தான் வாடகை. கம்மியா ஏத்தினா டீசலுக்கே கட்டாது.” அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. டன் கணக்கில் வாடகை பேசுகிற இடத்தில்தான் அந்த ரோடு உடைகிறது.

இனி மழை. பள்ளத்து ஓரத்திலிருந்து ஒரு ஜல்லியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரிசி களைந்த மாதிரிச் சுத்தமாக இருக்கும், தார் ஒட்டியிருந்த சுவடே இருக்காது. நம் கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல் பிரியம் அதிகம். வெடிப்பு வழியே இறங்கின தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரித்துவிடும். மேலே ஒவ்வொரு சக்கரமும் ஏறும்போது அந்தத் தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே பாய்ந்து, சேற்றை வாரிக்கொண்டு வெளியே பீச்சும். அடிப்படுகை இப்படிக் கரைந்தபிறகு, மேலே இருக்கிற தார் வெறும் அப்பளம்.

இந்தப் பிடிப்பைச் சோதிக்க எளிய வழி உண்டு. தார் பூசின ஜல்லியை 40 டிகிரி தண்ணீரில் ஒருநாள் முழுக்கப் போட்டு, எவ்வளவு உரிந்திருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது. பிடிப்பு குறைந்தால் சுண்ணாம்புத் தூள் சேர்ப்போம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், சூடான ஜல்லியின்மேல் நறுக்கின பிளாஸ்டிக்கைத் தூவிப் பூச்சாக்கி, அதன்மேல் தார் கலக்கும் முறையைக் கொண்டுவந்தாரே, அதன் பலனும் இதுதான். கல்லுக்கும் தாருக்கும் இடையில் தண்ணீர் புக முடியாது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, ரோட்டு வேலைக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது போலச் சந்தோஷப்பட்டோம்.

கனரக வண்டி ஓடும் ரோட்டுக்கு இன்னும் கெட்டியான வி.ஜி.40 போடலாம். பேருந்து நிறுத்தத்தில் கான்கிரீட் போடலாம். இவையெல்லாம் புது ரோட்டுக்கு. இருக்கிற ரோட்டுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: ஆவணி, புரட்டாசியில் வெடிப்பை அடைத்துவிடுங்கள். வெடிப்பைச் சுத்தம் செய்து, சூடான தாரை ஊற்றி, மேலே மணல் தூவினால் முடிந்தது. ரோட்டோர வடிகாலின் மண்ணையும் அப்போதே வாருங்கள். மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு வைத்துப் போட்ட ரோடும், ஓரத்தில் மண் மேடிட்டால் குளம்தான். நான் வேலையில் இருந்தபோது, வெடிப்பு அடைக்க ஆகஸ்டில் கேட்ட பணம் டிசம்பரில் வந்தது. அதற்குள் வெடிப்பெல்லாம் பள்ளமாகியிருந்தது. மழைக்கு நடுவே ஈரக் குழியில் கலவையைக் கொட்டி மூடினோம். அது பொங்கலைக்கூடப் பார்க்கவில்லை. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

நேயர்களும் ஒன்று செய்யலாம். புரட்டாசியில் ஒரு சிறு மழை பெய்து வெயில் அடித்ததும் உங்கள் தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். ரோடு முழுக்கக் காய்ந்திருக்க, சில இடங்களில் மட்டும் கோடு கோடாக ஈரம் கறுத்து நிற்கும். அங்கேதான் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அந்த இடத்தைப் படம் எடுத்து, தேதி போட்டு, உங்கள் உள்ளாட்சி அலுவலகத்துக்கு அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.