மாடு போத்து நடாது, பிள்ளை நடும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் மூத்த ஆசிரியர்களே, மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட இந்த ஊரில் இரவு பத்து மணிக்கும் கலையாமல் இருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, மேடைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்திருக்கும் என் கண்ணுகளே, அனைவருக்கும் வணக்கம்.

வகுப்பறை ஒழுங்கு நிலைப்பது ஆசிரியரின் கண்டிப்பாலா, மாணவர்கள் சேர்ந்து வகுத்த விதிகளாலா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய ஐயா ‘அடியாத மாடு படியாது’ என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். தட்டியவர்களில் பாதிப்பேர் மாடு வளர்ப்பவர்கள் என்பதால் உங்களிடமே கேட்கிறேன். காங்கயம் மாடு மேயும் உங்கள் மேய்ச்சல் நிலத்தில், அந்தக் கொறங்காட்டில், கோலோடு ஆள் நிற்கிறாரா? காலையில் படலைத் திறந்து விடுகிறீர்கள். கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துவிட்டு, வெயில் ஏறினால் வெள்வேல மர நிழலில் படுத்துக்கொள்கிறது. யாரும் அடிக்கவில்லை, யாரும் விரட்டவில்லை. சுற்றி நிற்கிற கிளுவை வேலி அந்த வேலையைச் செய்கிறது. அது கல் சுவரன்று. மழைக்கு முன் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, வெட்டி நட்டு, துளிர்க்க விட்டு, பருவத்துக்குப் பருவம் கழித்து, சந்து விழுந்த இடத்தில் புதுப் போத்து ஊன்றி வளர்த்த உயிர் வேலி. அதில் முள்ளும் உண்டு. ஆகவே எங்கள் அணிக்கு வேலியே வேண்டாம் என்று யாரும் எண்ண வேண்டாம். மாட்டால் போத்து நட முடியாது, பிள்ளையால் முடியும். எங்கள் கட்சி அவ்வளவுதான்.

நான் பத்தொன்பது ஆண்டுகளாக நடுநிலைப் பள்ளி ஆசிரியை. முதல் சில ஆண்டுகள் எதிரணியில் இருந்தவள். பிரம்பு எடுத்ததில்லை, ஆனால் என் பார்வைக்கு வகுப்பு அடங்கியது. தலைமையாசிரியர் அறைக்குப் போகும்போது வகுப்புத் தலைவனைப் பலகை முன்னால் நிறுத்திவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டு வரிசையாகப் பெயர்கள் இருக்கும். மீண்டும் பேசியவனுக்குப் பெருக்கல் குறி, அதற்கும் மேல் பேசியவனுக்கு இரண்டு பெருக்கல் குறி. இந்தக் கூட்டத்தில் அந்தப் பட்டியலில் பெயர் வராதவர் யாராவது இருக்கிறீர்களா?

ஒரு நாள் அந்தப் பலகையை நின்று பார்த்தேன். தலைவனின் பக்கத்து வீட்டுப் பையன் பெயர் ஒரு நாளும் அதில் வந்ததில்லை. கடலை மிட்டாய் கொடுத்தவன் பெயர் பாதி அழிந்திருந்தது. வலது ஓரத்தில் அதிகப் பெருக்கல் குறிகளோடு இருந்த பெயர், முந்தின வாரம் தலைவனோடு சண்டை போட்டவளுடையது. நான் ஒழுங்கு கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கற்றுக்கொண்டது, அதிகாரத்துக்குப் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை. கண்டிப்பின் ஆயுள் ஆசிரியர் வாசற்படி தாண்டும் வரைதான், ஐயா. அதற்குப் பிறகு அது கையூட்டாக மாறிவிடுகிறது.

எதிரணி அம்மையார், ‘பிள்ளைகளிடம் விட்டால் பாதி நாள் விளையாட்டு என்று விதி எழுதிவிடுவார்கள்’ என்றார். நடந்தது நேர்மாறு. நான் முதன்முதலாக ஆறாம் வகுப்பிடம் விதி கேட்டபோது வந்தவை என்ன தெரியுமா? பேசினால் பத்து ரூபாய் அபராதம். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் முட்டி போட வேண்டும். தாமதமாக வந்தால் மைதானத்தை ஐந்து சுற்று. பதினொரு வயதுப் பிள்ளைகள்! நாம் அவர்களுக்குச் செய்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்து எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். பத்து ரூபாய் யாரிடம் இருக்கும், யாரிடம் இருக்காது? தாமதமாக வருகிறவளுக்கு ஒரே பஸ்தானே, அது வராவிட்டால் அவள் என்ன செய்வாள்? பேசப் பேசத் தண்டனைகள் உதிர்ந்தன, விதிகள் நின்றன. இருபத்திரண்டு விதிகள் ஐந்தாயின. அந்த ஐந்தில் பெரும்பாலானவை ‘செய்யாதே’ என்று முடியாமல், ‘ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்’ என்பதுபோல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறவை.

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். வெள்ளகோவில் பக்கம், விசைத்தறிக் குடும்பம். அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது. பக்கத்தில் இருப்பவனிடம் ரப்பர் கேட்டாலும் வகுப்பே திரும்பிப் பார்க்கும். ‘மெதுவாகப் பேசு’ என்று நூறு முறை சொல்லியிருப்பேன். திமிர் என்றே நினைத்தேன். ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். வீட்டை ஒட்டியே தறிக்குடோன், நான்கு தறிகள் ஓடுகின்றன. அவன் அம்மா என்னை ‘வாங்க டீச்சர்’ என்று அழைத்தார். வாய் அசைந்தது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை அது. நான் திமிர் என்று பெயர் வைத்தது அந்த வீட்டில் பேச்சு.

அங்கேயே இன்னொன்றும் பார்த்தேன். அவர்களுக்குள் கைச்சாடை இருந்தது. நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரிபோல் காட்டுகிறார்கள். உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினால் தறியை நிறுத்து என்று பொருள். மறுநாள் அவனையே அதை வகுப்புக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். சத்தம் கூடும்போது யார் வேண்டுமானாலும் உள்ளங்கையை இறக்கலாம், பார்த்தவர்களும் இறக்க வேண்டும் என்று பிள்ளைகள் விதி செய்தார்கள். சத்தக்காரன் என்று பெயர் வாங்கியவன் வகுப்பு அமைதிக்கு வழி சொன்னவன் ஆனான். அவன் குரல் ஒரே நாளில் குறையவில்லை, பொங்கல் வரை ஆயிற்று. ஆனால் அந்த விதியை அவன் ஒரு நாளும் மீறவில்லை, அது அவன் வீட்டிலிருந்து வந்த விதி.

ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர், பிள்ளைகள் கோலிக்குண்டு விளையாடுவதை உட்கார்ந்து கவனித்து அதைப் பற்றி 1932இல் எழுதினார். சின்னஞ்சிறு பிள்ளைகள் விதியைப் பெரியவர்கள் கொடுத்த, மாற்ற முடியாத ஒன்றாக நினைக்கிறார்கள், ஆனால் ஆட்டத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோ, நாம் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்கிறார்கள், அவர்கள்தான் விதியைப் பிசகாமல் காக்கிறார்கள். உங்கள் ஊர்க் களத்தில் குழி தோண்டிக் கோலி ஆடும் பையன்களைப் போய்ப் பாருங்கள். அங்கே நடுவரும் இல்லை, பிரம்பும் இல்லை. அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனை மற்றவர்கள் விடுகிறார்களா?

சட்டத்தைப் பற்றி ஒரே சொல். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, பள்ளியில் அடிப்பது தடை செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், உடலைத் துன்புறுத்துவதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுத்தது. ‘கையைக் கட்டிவிட்டார்கள்’ என்று ஐயா வருந்தினார். கோலை வாங்கிக்கொண்ட பிறகு கையில் வேறு எதையும் கொடுக்கவில்லையே என்பது நியாயமான வருத்தம், அதை நான் மதிக்கிறேன். அந்த வெறுங்கையில் என்ன வைப்பது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரம் ஏது என்றும் கேட்டார்கள். ஜூன் மாதத்தில் முதல் இரண்டு வாரம், நாளுக்கு இருபது நிமிடம். விதியை எழுதி ஒட்டினால் போதாது, பழக்க வேண்டும். வரிசையில் போவது, தண்ணீர் குடிக்கச் செல்வது, நோட்டு அடுக்குவது எல்லாவற்றையும் கணக்குப் பாடம்போல் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறோம். காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் எந்த விதி சந்து விட்டிருக்கிறது என்று கேட்டு அடைக்கிறோம். ஒருவன் இன்னொருவனை அடித்தால் நான் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. அந்த இடத்தில் நான் ஆசிரியை, நானே நடுவில் போய் நிற்பேன். அந்தக் கண்டிப்பை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது ஆண்டுக்கு நான்கு நாள் தேவைப்படுவது. மீதி நாட்களை நடத்துவது எது என்பதல்லவா தலைப்பு?

எங்கள் ஐந்தாவது விதி: ‘வகுப்பில் கைப்பேசி யாருக்கும் இல்லை.’ ‘யாருக்கும்’ என்ற சொல்லைச் சேர்த்தது பிள்ளைகள். போன மாதம் பாடத்தின் நடுவில் ஏதோ விவரம் கேட்டு எனக்கு ஒரு செய்தி வந்தது, எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் வாயே திறக்காத ஓர் அம்மணி, என்னைப் பார்த்து உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினாள். நான் கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

நடுவர் ஐயா, தீர்ப்பு சொல்லும் முன் அந்தக் கையை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.