நாற்பதைக் கடந்த பெண்களுக்கு நடக்க ஓர் இடம்

(கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மகளிர் சுய உதவிக் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய அம்மையார் அவர்களே, மாலைப் பணிகளை ஒதுக்கிவைத்துவிட்டு வருகை தந்துள்ள நகர்மன்ற உறுப்பினர்களே, வெளிநோயாளர் பிரிவை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் மருத்துவர் அவர்களே, பல்லாண்டு என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவர்களே, இம்மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய நிர்வாகத்தாரே, ஒலிபெருக்கி அமைத்துத் தந்த தம்பிமாரே, முந்திரி ஆலையான அண்டி ஆபீசிலும் துணிக்கடையிலும் பள்ளியிலும் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் என் அன்புச் சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மருத்துவர் அவர்கள் எனக்கு முன்பாகப் பேசியிருக்க வேண்டியவர். “நீங்க பேசுங்க டீச்சர், நான் பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்” என்று பெருந்தன்மையோடு வழிவிட்டார்கள். அவர்களுக்கு இந்த அவையின் சார்பில் தனியே நன்றி சொல்வது என் கடமை.

இன்று நான்கு செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். நாற்பதைக் கடந்த பெண்ணின் உடலில் என்ன நிகழ்கிறது, அவளுக்கு எவ்வளவு உடற்பயிற்சி வேண்டும், அவள் எதை உண்ண வேண்டும், எங்கே போய் நடப்பது என்பவை அவை.

‘ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது’ என்று என் அம்மா அடிக்கடி சொல்வார்கள். உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் நானும் அதை என் மாணவிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோகோவிலும் கபடியிலும் எறிபந்திலும் மண் பறக்க ஓடிய பிள்ளைகள் அவர்கள். இன்று அவர்களுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது வயது. பேருந்தில் என்னைக் கண்டு இடம் தருவதற்காக எழுகிறபோது, முன்னிருக்கைக் கம்பியை ஒரு கையாலும் முழங்காலை மறு கையாலும் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். ஆடிய கால் சும்மா இராது என்பது உண்மையானால், இந்தக் கால்களைச் சும்மா இருக்கச் செய்தது எது என்பதே பல ஆண்டுகளாக என் மனத்தில் நிற்கும் கேள்வி.

முதலில் உடல். நம் நாட்டில் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 46 அல்லது 47. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோன் குறையக் குறைய எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தலைகாட்டுகின்றன. பயன்படுத்தாத தசையோ முப்பதுகளிலிருந்தே சிறுகச் சிறுகத் தேய்ந்து வருகிறது. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 2022இல் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் போதுமான உடலியக்கம் இல்லாதவர்கள். ஆண்களில் அது 42 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை மனத்தில் வையுங்கள். பெண் சோம்பேறி என்பதனால் வந்த இடைவெளி அது என்று யாரேனும் சொன்னால், 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைக் காட்டுங்கள். ஊதியமில்லா வீட்டு வேலை செய்தோரில், அதற்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக அது கூறுகிறது.

“விடிந்தது முதல் அடைவது வரை வேலைதானே செய்கிறோம், அதுவே உடற்பயிற்சி ஆகாதா?” என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டில் பெருக்குவதும் துணி துவைப்பதும் வீண் என்று நான் சொல்லவில்லை. சும்மா இருப்பதைவிட அது நல்லதே. ஆனால் அண்டி ஆபீசில் நாள் முழுதும் குந்தியிருந்து முந்திரிக்கொட்டையின் தோடு உடைக்கும் சகோதரியின் விரல்களும் முதுகும் களைத்துப்போகின்றன, இதயத்துக்கோ வேலையே இல்லை. துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்குக் காலில் நரம்பு புடைக்கிறது, தசை வலுப்பெறுவதில்லை. அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சட்டமே திருத்த வேண்டியிருந்தது. வேலை என்பது முதலாளியின் வேகத்திலும் அடுப்பின் வேகத்திலும் நடப்பது. உடற்பயிற்சி நம் உடலின் வேகத்தில், இதயம் விரைந்து துடிக்கும்படி, ஓய்வோடு செய்வது.

எவ்வளவு என்பதற்கு விடை எளிது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கமும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதில்லை; ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். மிதமானது எது என்று அறிய ஒரு வழி உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஆடிய கால் நடக்கையில் பாடிய வாய் சற்று ஓய்ந்திருக்கட்டும்! தசைப் பயிற்சிக்கு ஒரு நாற்காலி போதும்: கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்காருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்போரும், நடந்தால் நெஞ்சு அடைப்போரும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சகோதரியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம், பேச்சிப்பாறை போகும் வழியில் ஓர் ஊர். அண்டி ஆபீசில் வேலை, வயது ஐம்பதை நெருங்குகிறது, முட்டுவலி. தினமும் நடக்கும்படி மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் முற்றம் பெருக்கிவிட்டுத் தெருவில் இறங்கினாள். நாலு வீடு தாண்டவில்லை, “எக்கா, வெள்ளனயே எங்க போறிய?” என்று ஒரு குரல். தேநீர்க் கடையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு நாக்கு எழவில்லை. “ரேஷன் கடைக்கு” என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் எந்த ரேஷன் கடை திறந்திருக்கிறது? அதை அவர்களும் கேட்கவில்லை, அவளும் நிற்கவில்லை. அடுத்த நாள் ஒரு கட்டைப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை! பை இருந்தால் பெண் வேலையாகப் போகிறாள். பை இல்லாவிட்டால் அவள் ஏன் தெருவில் இருக்கிறாள் என்பது நம் ஊரின் கணக்கு. நாள்தோறும் வெறும் பையோடு சந்திப்பு வரை போய்த் திரும்பினாள். இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி வழிமறித்து, “தெனமும் அப்பிடி என்னத்தத்தான் வாங்குதிய?” என்று பையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால், உள்ளே ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னாள். “நடக்கப் போறேன்னு சொன்னா, வீட்டுல வேல இல்லியான்னு கேப்பாவ, அதுக்குத்தான்.” மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரு பையோடு நின்றாள். அதற்கடுத்த வாரம் பால் சொசைட்டியில் வேலை செய்யும் பெண், பிறகு அங்கன்வாடி ஆசிரியை. கடைசியில் ஒரு கூட்டமே வெறும் பைகளோடு அந்தத் தெருவில் போய்வர, மளிகைக் கடைக்காரர் வெளியே வந்து, “இத்தன பேரும் சாமான் வாங்கப் போறிய, எங்கடைக்கு மட்டும் ஒருத்தரும் வரலியே?” என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவர்கள் நடுத்தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் வெட்கம் போய்விட்டது. மறுநாள் பைகள் வீட்டிலேயே இருந்தன.

கதை இதோடு நிறைவு பெற்றிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். ஆனால் அவர்கள் நடந்த சாலையில் நடைபாதை கிடையாது. கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் விடியற்காலை முதலே ஓடும் வளைவுச் சாலை அது; நாய்த் தொல்லை வேறு. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை இருசக்கர வண்டியில் வந்தவர்கள் பறித்துச் சென்றதும், கணவன்மார், “நீ நடந்தது போதும்” என்று சொல்லிவிட்டார்கள். கூட்டம் கலைந்தது. அந்தச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் கொண்ட பள்ளி மைதானம் ஒன்று, மணியடித்த பிறகு பூட்டியே கிடக்கிறது.

நான் பல ஆண்டுகளாக மேடைதோறும் கேட்டுவருவது இந்தப் பூட்டைத் திறக்கத்தான். 2023ஆம் ஆண்டு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தை அரசு தொடங்கியதை மனமார வரவேற்கிறேன். நாகர்கோவிலில் அறிஞர் அண்ணா விளையாட்டரங்கம் இருப்பதிலும் பெருமைப்படுகிறேன். ஆனால் வேலை முடிந்து, இரவுச் சமையலுக்கு முன்பு கிடைக்கும் அரைமணி நேரத்தில் அருமனைக்காரியும் குலசேகரத்துக்காரியும் பேருந்து ஏறி நாகர்கோவிலுக்கு வந்து நடக்க முடியுமா? ஊருக்குள்ளேயே, கூப்பிடு தூரத்தில், வெளிச்சமும் கழிப்பறையும் உள்ள இடம் வேண்டும். அத்தகைய இடம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். தோளில் சீலை அணியும் உரிமைக்காக அடிபட்டு, 1859இல் திருவிதாங்கூர் அரசின் பிரகடனத்தைப் பெற்ற பெண்களின் மண் இது. இவ்வளவு பேருக்கும் பொதுவிடத்தில் கைவீசி நடக்க ஓரடி நிலம் கேட்பது பேராசை ஆகாது.

உணவைப் பற்றி மருத்துவர் அவர்கள் என்னைவிடச் சிறப்பாகச் சொல்வார்கள். எனக்கு எஞ்சிய நேரத்தை மைதானத்துக்கே தருகிறேன். பள்ளியின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்களில் பலர் அதில் இருக்கிறீர்கள். கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டிவரும் சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு சாவியை வாங்கி, வேளை தவறாமல் பூட்டித் திருப்பித் தரத் தெரியாதா? ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்று சொல்லிக்கொண்டே கதவைப் பூட்டி வைப்பது நியாயமில்லை என்பதைத் தலைமையாசிரியர்களிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

1956இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1ஆம் நாள், இப்போது உள்ளாட்சி நாளாகவும் கொண்டாடப்படுகிறது. அன்று ஊராட்சிகளில் இருப்போர் கிராம சபையிலும், பேரூராட்சி, நகராட்சிகளில் இருப்போர் பகுதி சபையிலும் ஒரே வாசகத்தைத் தீர்மானமாக முன்வைக்க வேண்டுகிறேன்: மாலை 5.30 முதல் 7.30 வரை அரசுப் பள்ளி மைதானம் மகளிருக்குத் திறந்திருக்க வேண்டும். உள்ளாட்சி விளக்கு போட்டுத் தர வேண்டும். கழிப்பறையைத் தூய்மையாக வைக்கும் பொறுப்பைக் குழுக்கள் ஏற்கும். இவ்வாசகத்தை அச்சிட்டு வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். கையெழுத்திடும்போது உங்கள் ஊரின் பெயரோடு அருகிலுள்ள பள்ளியின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். எந்த மைதானத்தை யாரிடம் கேட்பது என்று பட்டியல் போட அது தேவைப்படுகிறது. வணக்கம்.